இடப்பக்கம் இழுக்கும் வண்டி

நாவலூத்தில் ஒரு கார் இருந்தது, அது ஒரு கடுதாசிக்குக் கட்டுப்பட்டு நடந்தது. மனிதர்கள் கடுதாசிக்குக் கட்டுப்படுவதை எல்லா ஊரும் பார்த்திருக்கும். பத்திரத்தில் ஒரு வரி மாறியதும் அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போவதையும், முத்திரை விழுந்த மறுநாள் நேற்றுவரை ஓடிய வாய்க்கால் வரைபடத்தில் இல்லாமல் போவதையும் நாங்களும் பார்த்தவர்கள்தான். ஆகவே அந்தப் பச்சைநிற அமெரிக்கக் கார் எழுதியபடி நடக்கத் தொடங்கியபோது நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. எழுதிக் கொடுத்தால் நடக்கத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம்.

மலையில் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு துரை கப்பலில் வரவழைத்து, ஊரைவிட்டுக் கிளம்பும்போது விட்டுச்சென்ற கார் அது. தோட்டத்தோடு சேர்த்து அதையும் வாங்கியது எஸ்டேட்காரர் சௌந்தரராசுவின் அப்பா. அன்றிலிருந்து அந்த வீட்டில் கல்யாணமாகும் ஆண்பிள்ளை எவனும் அதில் உட்கார்ந்துதான் பெரிய தெரு வழியாகக் கோயிலுக்கு மாப்பிள்ளை ஊர்வலம் போக வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது; சாமிக்குத் தேர் எப்படியோ அந்த வீட்டு மாப்பிள்ளைக்குப் பச்சைக் கார் அப்படி.

அந்த வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் மேல்கைக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவில் சிம் தகடு என்று மெல்லிய இரும்புத் துண்டுகள் செருகியிருக்கும். ஒன்றைக் கூட்டினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், ஒன்றை எடுத்தால் வெளியே சாயும், நகக்கண் அளவு பிசகினாலும் வண்டி ஒருபக்கமாக இழுக்கும். அந்தத் தகடுகளின் கணக்குத் தெரிந்தவன் மெக்கானிக் சன்னாசி ஒருவன்தான். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு நூல் கட்டி, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவன் பார்த்து முடித்த வண்டியில், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவலாம் என்று டிரைவர் குருவையா சொல்வார்.

ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம் சௌந்தரராசுவின் மகன் கிரிதரன், டிரைவரை இறக்கிவிட்டு, குடித்த வாயோடு அந்தக் காரைத் தானே எடுத்துக்கொண்டு பெரிய தெருவில் வந்தான். எஸ்டேட்டின் கொட்டகையில் ஏலக்காய் தரம் பிரித்துவிட்டு வீடு திரும்பிய போதுமணி தன் வீட்டு வாசற்படியில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தெருவைவிட்டு ஏறிவந்த கார் அவளைச் செருப்போடு அடித்துப்போட்டது. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் போதும் என்று பேர் வைத்த பிள்ளை. மற்ற மூவரையும் கட்டிக்கொடுத்து அனுப்பியபிறகு தாய் ஒச்சம்மாவுக்கு ஒரே துணையாக இருந்தவள் அவள்தான். அவளுக்குப் பத்தொன்பது வயது.

நாங்கள் பதினேழு பேர் பார்த்தோம். என் பலசரக்குக் கடை நேர் எதிரே இருக்கிறது. நான் ஒருவருக்குத் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன், தராசு முள் நடுவில் வந்து நின்றதையும் பார்த்தேன், அதே நேரத்தில் இதையும் பார்த்தேன். மறுநாள் எஸ்டேட் மேனேஜர் வந்து, வண்டிதான் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது, சின்ன முதலாளி என்ன பண்ணுவார் பாவம் என்று எங்களிடம் சொன்னார். அவர் சொன்னதை நாங்கள் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னோம். ஏலக்காய்க் கொட்டகை மூடினால் எங்கள் ஊரில் உலை ஏறாது. இது உண்மை, ஆனால் இதை ஒரு சமாதானமாக நான் இங்கே சொல்லவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் வாய்க்குச் சின்ன மூடியே போதுமானதாக இருந்தது.

பதினேழு பேர் சொன்னாலும் எழுத்தில் ஒன்று வேண்டுமே. சன்னாசியின் பட்டறை நிற்கும் இடம் எஸ்டேட்டுக்குச் சொந்தமானது. விபத்துக்கு மூன்று நாள் முன்புதான் அவன் அந்தக் காருக்கு நூல் பிடித்துத் தகடு வைத்து, அம்பு மாதிரி ஓடுகிறது என்று அனுப்பியிருந்தான். அதே சன்னாசி பட்டறைப் பேர் அச்சடித்த தாளில், "மேற்படி காரின் முன்சக்கரச் சாய்மானம் பிசகியிருந்தபடியால் வண்டி தானாக இடப்பக்கம் இழுக்கும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஸ்டேஷனில் அதன்மேல் முத்திரை குத்தினார்கள். வழக்கு முடிந்தது.

முத்திரை குத்திய மறுநாள் காலையிலேயே கார் இடப்பக்கம் இழுத்தது. குருவையா ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்துப் பிடிக்க, பின்சீட்டில் சௌந்தரராசு உட்கார்ந்திருக்க, வண்டி யாரையும் இடிக்காமல், எதையும் உரசாமல், மேய்ச்சல் முடிந்த மாடு தன் கொட்டத்துக்குத் திரும்புவதுபோல மெதுவாகத் தெருவைவிட்டு ஒதுங்கி ஒச்சம்மாவின் வாசலில் போய் நின்றது. நின்றதும் என்ஜின் அணைந்தது. பொய்க்குக் கால் இல்லை என்பது பழமொழி, எங்கள் ஊர்ப் பொய்க்கு நாலு சக்கரம் இருந்தது.

அதன்பிறகு தினமும் காலை ஒன்பதரைக்கு அது அந்த வாசலில் நின்றது. சௌந்தரராசு வேறு தெரு வழியாகப் போகக்கூடியவர்தான், ஆனால் ஒரு பொம்பிளைக்குப் பயந்து பாதையை மாற்றினார் என்று ஊர் பேசுமே என்று வீம்பாகப் பெரிய தெருவிலேயே வந்தார். ஒச்சம்மா வெளியே வருவாள், அழமாட்டாள், மண்ணை வாரித் தூற்றமாட்டாள், குனிந்து பின்சீட்டைப் பார்ப்பாள். "மகன் வரலையா?" என்று கேட்பாள். "இல்லத்தா" என்று குருவையாதான் பதில் சொல்வார். அவள் உள்ளே போய்விடுவாள், வண்டியும் பின்வாங்கக் கிளப்பினால் கிளம்பிவிடும். விபத்துக்குப்பின் கிரிதரன் அந்தக் காரில் ஏறவே இல்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

நாங்கள் இதற்குப் பழகிக்கொண்ட விதத்தை நினைத்தால் எனக்கே எங்கள்மீது ஒரு ஆச்சரியம் வருகிறது. குருவையா கால்மணி நேரம் முன்னதாகக் கிளம்பப் பழகினார். டவுன் பஸ் அந்த வாசலுக்கு இடம்விட்டு ஒதுங்கிப் போகப் பழகியது. வேலை கேட்டும் லீவு கேட்டும் முதலாளியைப் பார்க்க பங்களா வாசலில் காத்துக்கிடந்தவர்கள், ஒன்பதரைக்கு இங்கே நிற்பார் என்று தெரிந்ததும் மனுக்களோடு ஒச்சம்மாவின் வாசலுக்கு வந்து வரிசை போட்டார்கள். மகளைப் பறிகொடுத்த வாசற்படியில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார்கள். வெயில் நேரத்தில் அவளிடமே தண்ணீர் கேட்டார்கள், அவளும் கொடுத்தாள். கடிகாரம் நின்றுபோனவர்கள் காரைப் பார்த்து மணி வைத்துக்கொண்டார்கள். தேர்த்திருவிழாவில் சக்கரத்துக்குக் கட்டை போடும் ஆட்கள் வந்து, ஆளுயரச் சக்கரம் வைத்த தேரையே திருப்புகிற எங்களுக்கு இது எம்மாத்திரம் என்று இடது சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டையைச் செருகினார்கள். தேர்க்கட்டைக்குத் தேரைத் திருப்பித்தான் பழக்கம். கார் கட்டைமேல் ஏறி, தேர் மூலை திரும்புகிற அழகோடு அசைந்து திரும்பி, முன்னைக் காட்டிலும் நேர்த்தியாக அவள் வாசலில் போய் நின்றது. யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சன்னாசி தகடு வைத்தான். இடது சக்கரத்துக்கு ஒன்று கூட்டினான், இரண்டு கூட்டினான், நூல் பிடித்தான், குண்டு விட்டான், எல்லாம் மயிரிழை பிசகாமல் இருந்தது, சாயங்காலம் ஓட்டிப்பார்த்தால் நேராகவும் போனது, விடிந்து பார்த்தால் வைத்த தகடுகள் கற்பூரம்போலக் கரைந்து இடுக்கில் ஒரு துருப்பொடிகூட மிச்சமில்லாமல் இருந்தது. எண்ணெய் டின்னை வெட்டி வைத்தான், ரம்பத்தை அறுத்து வைத்தான், பித்தளையில் வைத்தான், எதுவும் தங்கவில்லை. ஏன் தங்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவனுக்குப் பிள்ளை எதற்கு அழுகிறது என்று தெரியாமலா இருக்கும்.

தை மாதத்தில் கிரிதரனுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை ஊர்வலம் பச்சைக் காரில்தான். அன்றைக்கு அவன் அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்தே ஆக வேண்டும். பத்திரிகையைப் படித்துக்காட்டச் சொல்லி ஒச்சம்மா என் கடைக்கு வந்தாள். தேதியை மட்டும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, நேராகச் சன்னாசியின் பட்டறைக்குப் போனாள். சன்னாசியே பிற்பாடு என்னிடம் சொன்னது இது.

"ஏய்யா சன்னாசி, ஒண்ணு கேக்க வந்தேன்."

"சொல்லுக்கா."

"கோர்ட்டுக்கு வான்னு கூப்பிடல. கடுதாசியக் கிழின்னும் சொல்லல. அந்த ஒரு நாளு மட்டும் நீ வண்டியத் தொடாம இரு. அது பாட்டுக்கு என் வாசலுக்கு வரட்டும். ஊரே கூடி நிக்கும்ல, அம்புட்டுப் பேருக்கு முன்னாடி அவன் எறங்கி, ஆமா நான்தான் ஓட்டுனேன், நான்தான் உம் மகளக் கொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லணும். எனக்கு அது போதும்."

போதும் என்ற சொல்லைச் சொன்னதும் அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாளாம். சன்னாசி தரையில் உட்கார்ந்தபடியே அழுதிருக்கிறான். "வண்டியத் தொடமாட்டேன்க்கா. எம் பிள்ளைக மேல சத்தியம்" என்று கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்திருக்கிறான்.

அவன் சத்தியத்தைக் காப்பாற்றினான். சௌந்தரராசு கூப்பிட்டுவிட்டபோது, கைகட்டி நின்றாலும் சொல்லவேண்டியதைச் சொன்னான்.

"தகடு நிக்காதுங்கய்யா. நான் எழுதிக் குடுத்தத நானே வாபஸ் வாங்குனாத்தான் வண்டி நேராகும். இனி நான் அதத் தொடுறதா இல்ல."

சௌந்தரராசு கோபப்படவில்லை. கோபப்படும் அவசியம் இல்லாத இடத்தில் பிறந்தவர் அவர். காபியைக் குடித்து முடித்துவிட்டு, "சரிப்பா, தொடாத. வண்டிக்கு வைக்கிற தகட்ட ரோட்டுக்கு வச்சா என்ன?" என்று கேட்டார். "இடப்பக்கம் இழுக்குதுன்னா இடப்பக்கத்த ஒசத்திப் போடுவோம். எம்புட்டு ஒசத்தணும்னு மட்டும் சொல்லு. உனக்குத்தான் கணக்குத் தெரியும்."

கணக்குத் தெரிந்தவனிடம் கணக்கைக் கேட்டால் வாய் சும்மா இருக்காது. நூலை எடுத்துக்கொண்டு பெரிய தெருவுக்கு வந்த சன்னாசி, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அதைக் கட்டி, குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "ஒரு சாண்" என்றான். காரை அவன் தொடவே இல்லை.

ஒரு சாண் உயர்த்துவதற்கு ஊரே திரண்டது. யாரும் எங்களை மிரட்டவில்லை என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். சரளை சுமந்தோம், மண் கொட்டினோம், கொதிக்கிற தாருக்கு விறகு போட்டோம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தண்ணீர் கொண்டுவந்தார்கள், பெரிய தெருவின் இடப்பக்கம் முழுநீளத்துக்கும் ஒரு சாண் எழும்பி நின்றது. தெரு ரொம்ப நாளாகக் குண்டும் குழியுமாகத்தானே கிடந்தது, இந்தச் சாக்கிலாவது நல்ல ரோடு வந்ததே என்று பேசிக்கொண்டோம். ஒச்சம்மாவின் வாசற்படி ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. அவள் வாசலில் நின்று நாங்கள் வேலை செய்வதை ஒருநாள் முழுக்கப் பார்த்தாள். நான் சரளைக்கூடையோடு அவளைக் கடக்கும்போதெல்லாம் கூடையைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

தெரு சாய்ந்த ஒரு வாரத்தில் வீடுகளும் சாய்ந்தன. தெரு எப்படியோ அப்படித்தான் நாமும் என்று முடிவுசெய்ததுபோல, இரண்டு சாரியிலும் இருந்த வீடுகள் விரிசல் விடாமல், ஓடு நழுவாமல், ஒரே அளவில் வலப்பக்கம் சாய்ந்துகொண்டன. அடுப்பில் பால் ஒருபக்கமாகப் பொங்கியது. தொட்டில்கள் சுவரோரமாகப் போய் நின்றன. நான் கடையில் வெறும் தராசைத் தூக்கினாலும் வலது தட்டு இறங்கியது. இதற்கும் பழகிக்கொண்டோம், சன்னாசியின் பட்டறைக்குப் போய் ஆளுக்கு நாலு தகடு வெட்டி வாங்கிவந்து கட்டில்காலுக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று, சாமிபடத்துக்குப் பின்னால் ஒன்று என்று செருகிக்கொண்டோம், வலது செருப்புக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு நடந்தோம். காருக்குள் ஒருநாள் தங்காத தகடு எங்கள் வீடுகளில் அப்படியே தங்கியது. சாயாமல் நின்றது ஒச்சம்மாவின் வீடு ஒன்றுதான். அதைப் பார்க்கிறவர்களெல்லாம், ஐயோ பாவம், அந்த வீடு எப்படிச் சாய்ந்துபோச்சு பாரு என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

ஊர்வலத்தன்று ஒச்சம்மா வாசலைக் கழுவிக் கோலம் போட்டாள். மகள் போனபிறகு அந்த வாசலில் விழுந்த முதல் கோலம் அது. தலைக்குக் குளித்து, மகளின் தாவணி ஒன்றை மடித்து மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். பேண்டு வாத்தியம் முன்னால் வர, நாதஸ்வரம் பின்னால் வர, வெடிப்புகை நடுவில் கனகாம்பரமும் ரோஜாவும் சுற்றிய பச்சைக் கார் ஊர்ந்து வந்தது. கோட்டு சூட்டும் மாலையுமாகக் கிரிதரன் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். நாங்கள் எல்லாரும் கூடவே நடந்தோம். கல்யாணச் சாப்பாட்டுக்கு வெள்ளையும் சொள்ளையுமாகக் கிளம்பியிருந்தோம்.

ஒச்சம்மாவின் வாசல் வந்ததும் இடது முன்சக்கரம் ஒருதரம் நடுங்கியது. ஈ உட்கார்ந்த மாட்டின் தோல் சிலிர்க்குமே, அப்படி. ஒரு சாண் உயரத்தையும் மீறி அது மெல்ல இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது, பேண்டு நின்றது, நாதஸ்வரக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டார், ஒச்சம்மா எழுந்து நின்றாள். அப்போது நாங்கள் சாய்ந்தோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, கண்ஜாடைகூடக் காட்டவில்லை. ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஊர்வலத்தில் இருந்த முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் வலப்பக்கம் சாய்ந்தோம். தெரு இன்னொரு விரற்கடை சரிந்தது. சக்கரம் ஒரு நொடி தயங்கிவிட்டு நேராகிப் போனது.

கண்ணாடி வழியாகக் கிரிதரன் அவளைப் பார்த்தான். பார்க்கவில்லை என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள், அவர்களும் பதினேழு பேரில் உள்ளவர்கள்தான். பார்த்துவிட்டு, மாலையைச் சரிசெய்துகொண்டான். பேண்டு மறுபடி ஆரம்பித்தது. நாங்கள் ஒச்சம்மாவின் கோலத்தை மிதிக்காமல் பக்குவமாகத் தாண்டிப்போய்ச் சாப்பிட்டோம். பாயசம் நன்றாக இருந்தது.

மறுநாள் சன்னாசி அவள் வீட்டுக்குப் போனான். நான் கடையில் இருந்தபடியே பார்த்தேன், பேச்சும் காதில் விழுந்தது.

"அக்கா, நான் வண்டியத் தொடல."

"தெரியும்யா" என்றாள் ஒச்சம்மா. தாவணியை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அன்னைக்கும் நீ தொடலையே. எழுதத்தான செஞ்ச."

அங்கிருந்து அவன் நேராகப் பட்டறைக்கு நடந்தான். பட்டறைத் தாளை எடுத்து, "அன்று வண்டி நேராக இருந்தது. மூன்று நாள் முன்பு நானே பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்தது பொய். ஓட்டியவன்தான் கொன்றான்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஈரம் காயும்முன் ஸ்டேஷனுக்கு எடுத்துப்போனான். வழியில் என் கடைக்கு வந்து தாளை நீட்டினான். "நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே. முத்திரை விழுந்துட்டா வண்டி கேட்டுக்கும்" என்றான். நான் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். முள் நடுவில் வரட்டும், வந்ததும் போடுகிறேன் என்றேன். இறங்கியே கிடந்த வலது தட்டைப் பார்த்துவிட்டு அவன் தாளோடு போனான்.

ஸ்டேஷனில் எழுத்தர் அதை மரியாதையாகத்தான் வாங்கினார், இரண்டுமுறை படித்தார். முத்திரையைக் கையில் எடுக்கவும் செய்தார். ஸ்டேஷனும் பெரிய தெருவில்தான் இருக்கிறது, மேசை வலப்பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டே இருந்தது, அவர் முத்திரையைத் தூக்கும்போதெல்லாம் மைப்பெட்டி வழுக்கி ஓடியது. "எங்கய்யா நேரா இருந்துச்சு? இந்த ஊர்ல எதுய்யா நேரா இருக்கு, மேசையப் பாரு" என்று அலுத்துக்கொண்டவர், குனிந்து மேசைக்காலைப் பார்த்தார், கையில் இருந்த தாளைப் பார்த்தார். நாலாக மடித்தார், இன்னொருமுறை மடித்தார், ஒற்றைக்கையால் மேசையைத் தூக்கி அதைக் காலடியில் செருகினார். அளவு சரியாக இருந்தது.

பச்சைக் கார் இப்போதும் காலை ஒன்பதரைக்குப் பெரிய தெருவில் நேராகப் போகிறது. ஒச்சம்மா வாசலுக்கு வந்து பின்சீட்டைப் பார்க்கிறாள். சன்னாசி ஸ்டேஷன் வழியாகப் போகும்போதெல்லாம் சன்னலில் எட்டி அந்தத் தாள் இருக்கிறதா என்று பார்க்கிறான். இருக்கிறது. மேசை ஆடுவதில்லை.